முக்கால் போத்தல் பெற்றோல்

மீசாலை
12.10.1992

தம்பி செல்வரட்ணம்,

ஒன்பது வருஷமும் ஐந்து மாதமும் கழித்து உனக்கு எழுதுகிறேன். நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. 1983ஆம் ஆண்டு மே மாதம் எட்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்திலிருந்து லீவில் வந்த நீ எங்கள் முற்றத்தில், சம்பந்தி வீட்டார் எல்லோரும் இருக்கத்தக்கதாக, உன் அத்தானைப் பார்த்துச் சொன்னாய்: "அத்தான், உந்தப் பழைய இரும்பை வித்துப்போட்டு ஒரு புதுக்காரை எடுங்கோவன். உது பெற்றோல் குடிக்கிற பேய்."

அந்த ஏ போட்டி (A40) கார் அவருக்குப் பிள்ளை மாதிரி. அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "உன்ரை புதுக்கார் ஒரு கலன் பெற்றோலுக்கு எத்தினை கட்டை ஓடும்?" என்று கேட்டேன். "இருபத்தெட்டு மைல்" என்றாய். "எங்கடை பேய் முப்பது ஓடும்" என்றேன். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். நீ சாப்பிடாமல் எழும்பிப் போனாய். அதற்குப் பிறகு உன் கடிதம் இல்லை. போன வருஷம் அத்தான் செத்ததற்கும் இல்லை.

அதைவிடப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1962 மாசி மாதம், கார்க் கொம்பனியில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் நீ எழுதியது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம். "அக்கா, எனக்கு எஞ்சின் பரிசோதிக்கிற பகுதியில் வேலை. இன்னும் பத்து வருஷத்தில் ஒரு கலனுக்கு அறுபது கட்டை ஓடுகிற கார் வரும். அத்தானைப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்." அத்தான் முப்பது வருஷம் பொறுத்திருந்தார்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். எங்கள் பக்கத்து வளவில் சின்னத்தங்கம் இருக்கிறாள். அவளுடைய மகள் பூரணத்துக்கு ஆகஸ்ட் பதினெட்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை, பிள்ளைப்பேற்று நோக் கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வெட்டித்தான் எடுக்கவேண்டும் என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டாள். இங்கிருந்து பதின்மூன்று கட்டை. சின்னத்தங்கம் என்னிடம் காருக்கு ஓடிவந்தாள். பெற்றோல் இரண்டு வருஷமாக வடக்குக்கு வரக்கூடாது என்று அரசாங்கத்தின் தடை. இருக்கிற பெற்றோல் அவ்வளவு தூரத்துக்குக் காணாது என்று சொன்னேன். மாட்டு வண்டியில் கொண்டுபோனார்கள். தாய் தப்பினாள். பிள்ளை பெண்பிள்ளை, செத்துத்தான் பிறந்தது.

ஊரில் ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. சின்னத்தங்கமும் சொல்லவில்லை. ஆனபடியால் உன்னைக் கேட்கிறேன். நீ சொன்ன அறுபது கட்டைக் கார் எங்கே? முப்பது வருஷம் எஞ்சினைத் தட்டித் தட்டி என்ன செய்தாய்? அந்தக் கார் வந்திருந்தால் இருந்த பெற்றோல் காணும். ஒரு பிள்ளை தப்பியிருக்கும். பதில் எழுது.

உன் அக்கா
நல்லம்மா

*

கொவென்றி
20.12.1992

அன்புள்ள அக்கா,

உங்கள் கையெழுத்தைக் கண்டதும் உறையைத் திறக்காமல் அரைநாள் மேசையில் வைத்திருந்தேன். அத்தானின் செய்தி கொழும்பிலிருக்கும் உங்கள் மகள் மூலம் நாலு மாதம் கழித்துத்தான் கிடைத்தது. அப்போது எழுதத் தொடங்கினேன். முடிக்கவில்லை. அதற்கு நியாயம் சொல்ல வரவில்லை.

பூரணத்தின் காரியத்தை வாசித்தேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். என்னுடைய இப்போதைய கார் ஒரு கலனுக்கு முப்பத்தொரு கட்டை ஓடுகிறது. முற்றத்தில் நீங்கள் கேட்ட நாளிலிருந்து மூன்று கட்டைதான் கூட.

ஆனால் எஞ்சின் முன்னேறவில்லை என்று நினைக்கவேண்டாம். ஒரு துளி பெற்றோலில் அத்தானின் எஞ்சின் செய்த வேலையைவிட இன்றைய எஞ்சின் எவ்வளவோ கூடச் செய்கிறது. அந்த ஆதாயம் வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. அத்தானின் கார் ஒரு தொன்னுக்குக் கொஞ்சம் குறைவு. என்னுடையது ஒன்றேகால் தொன். அத்தானின் எஞ்சினுக்கு நாற்பத்திரண்டு குதிரைப் பலம். என்னுடையதுக்கு நூற்றுப்பத்து. மோதினால் ஆட்கள் சாகாமல் இருக்கக் கதவுக்குள் இரும்பு வைக்கிறார்கள், அது நல்லது. மெத்தை தடிப்பு. கண்ணாடியை ஏற்றி இறக்க மோட்டர். 1973இல் அராபியர் எண்ணெயை நிறுத்தியபோது எல்லாரும் எங்களிடம் ஓடிவந்து, குறையுங்கள், குறையுங்கள் என்றார்கள். எண்ணெய் மலிந்தது, மறந்துவிட்டார்கள்.

உங்கள் காரை இப்போது எப்படி ஓட்டுகிறீர்கள்? மண்ணெண்ணெயில் ஓட்டுவதாக இங்கே கதைக்கிறார்கள். பழைய எஞ்சின் அதைத் தாங்கும், புதியது தாங்காது. விபரம் எழுதுங்கள்.

உங்கள் தம்பி
செல்வரட்ணம்

*

மீசாலை
23.02.1993

தம்பி,

கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்த ஒரு வாத்தியார் உன் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். உறை நனைந்திருந்தது, உள்ளே எழுத்து அழியவில்லை.

கண்ணாடியை இறக்க மோட்டரோ? அங்கே ஆட்களுக்குக் கை இல்லையோ? நூற்றுப்பத்துக் குதிரையை வைத்துக்கொண்டு எங்கே போகிறீர்கள்? நீ கடைக்குப் போகிறாய், வேலைக்குப் போகிறாய், திரும்பி வருகிறாய். அத்தான் நாற்பத்திரண்டு குதிரையோடு ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு கீரிமலைக்குப் போய் வந்தவர். நீ சொன்ன நியாயம் எனக்குப் பிடிக்கவில்லை. மிச்சம் பிடித்தோம், பிடித்ததை இன்னொன்றுக்குக் கொட்டினோம் என்கிறாய். பிறகு ஏன் பிடித்தீர்கள்?

கார் ஓடுகிற விதம் கேட்டாய். குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த வின்சன்ற் என்ற பெடியன் (நாற்பது வயது, பெஞ்சாதி யோசப்பின், இரண்டு பிள்ளைகள்) எங்கள் பின்வீட்டில் இருந்தான். கடலில் வள்ளத்து எஞ்சினோடு கிடந்தவன். அவன்தான் சாரதி. ஒரு சின்ன மருந்துக் குப்பியில் பெற்றோல் எடுத்து, ரியூப்பால் காபரேற்றருக்குள் விடுவான். கார் ஸ்ராட் வந்து சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பான். பிறகு முழுத்தூரமும் மண்ணெண்ணெய்தான். புகையும் நாற்றமும் தாங்காது, ஆனால் ஓடும். மேலே பறக்கிறவன் காணாமல் இருக்க மாமரத்துக்குக் கீழே படங்கு போட்டு மூடி, அதற்கு மேலே தென்னோலையும் போட்டிருக்கிறோம். ஆகஸ்ட் இருபத்தேழாம் திகதி அத்தானின் ஆட்டைத் திவசம், அவர் போய் ஒரு வருஷம் முடிந்த நாள். கீரிமலைக்கு இப்போது போக ஏலாது, ஆமி இருக்கிறான். வல்வெட்டித்துறைக் கடலுக்குப் போனோம். போக வர முப்பது கட்டைக்குக் குறையாது. ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அவருடைய காரிலேயே அவருடைய கடமை முடிந்தது.

சின்னத்தங்கத்தால்தான் எனக்கு வேதனை. கிழமைக்கு இரண்டு தரம் முருங்கைக்காய், வாழைப்பொத்தி என்று அனுப்புகிறாள். "நல்லம்மாக்கா தனிச்சுப்போனா" என்கிறாளாம். நான் அவற்றைக் குப்பைக் கிடங்கில் போடுகிறேன். அவள் யார் என்று உனக்குத் தெரியாது. 1974 ஆனி பதினாலு, வெள்ளிக்கிழமை, என் மகளின் கலியாண ஊர்வலம். பிள்ளையார் கோயிலடியில் கார் நின்றுவிட்டது. கார் பிழையில்லை. அந்தப் பரபரப்பில் அத்தான் பெற்றோல் அடிக்க மறந்துவிட்டார். பச்சைச் சேலையோடு நின்ற சின்னத்தங்கம் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "கலியாணப் பொம்பிளையையும் இறக்கித் தள்ளச் சொல்லுங்கோவன்!" சொல்லிப்போட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். பதினெட்டு வருஷம் நான் அவள் முகத்தைப் பார்த்துக் கதைத்ததில்லை. அப்படிப்பட்டவள் எனக்கு இப்போது முருங்கைக்காய் அனுப்புகிறாள்.

நல்லம்மா

*

கொவென்றி
09.05.1993

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் கிழித்தேன். பிழையாக எழுதினால் மன்னியுங்கள்.

எண்களோடு முப்பது வருஷம் இருந்தவன் நான். ஒரு எண் பொருந்தாவிட்டால் அதை விட்டு எழும்ப ஏலாது. உங்கள் முதற் கடிதத்தையும் இரண்டாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன்.

ஸ்ராட் பண்ண ஒரு மருந்துக் குப்பி பெற்றோல். மிச்சம் மண்ணெண்ணெய். அப்படியானால் யாழ்ப்பாணம் போய்வர வேண்டியது இரண்டு குப்பி. ஆகஸ்ட் இருபத்தேழு வல்வெட்டித்துறைக்குப் போயிருக்கிறீர்கள். பூரணத்தின் காரியம் ஆகஸ்ட் பதினெட்டு. ஒன்பது நாள்தான் இடையில்.

அந்த ஒன்பது நாளுக்குள் எங்கேயோ பெற்றோல் கிடைத்திருக்கலாம். அப்படித்தான் இருக்கும். இல்லையென்றால் காரில் வேறு பழுது இருந்திருக்கும். நான் அங்கே இல்லை. ஆனால் கார் ஒரு கலனுக்கு அறுபது ஓடியிருந்தாலும், அறுநூறு ஓடியிருந்தாலும், அன்றைக்கு அது ஒன்றையும் மாற்றியிராது. அதனால்தான் கேட்கிறேன். கேட்காமல் விடவும் பார்த்தேன்.

செல்வரட்ணம்

*

மீசாலை
02.07.1993

செல்வரட்ணம்,

இங்கிலாந்தில் இருந்துகொண்டு என் வீட்டுப் போத்தலை அளக்கிறாயோ? அத்தான் கிடந்த கிடையில் மூத்திரம் அள்ளியது நான். பங்கருக்குள் தனியே இருந்து செல் எண்ணியது நான். நீ ஒரு தந்தி அடிக்கக் கை வராதவன். என்னைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க நீ யார்? உன் கொம்பனியின் கள்ளக் கணக்கை முதலில் பார்.

இனி எழுதவேண்டாம். நானும் எழுதமாட்டேன்.

*

கொவென்றி
14.11.1993

அக்கா,

எழுதவேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். உங்களை ஒன்றும் கேட்கமாட்டேன். கொம்பனிக் கணக்கைப் பார் என்றீர்கள், அதைச் சொல்கிறேன். இதை நான் என் மனைவியிடமும் சொன்னதில்லை.

1986இல் நாங்கள் ஐந்து பேர் ஒரு சின்ன எஞ்சின் செய்து முடித்தோம். எட்டு வருஷ வேலை. ஒரு பாரம் குறைந்த காரில் பூட்டி, மலை, மழை, சந்தை எல்லாம் ஓட்டினேன். ஒரு கலனுக்கு அறுபத்துமூன்று கட்டை. அக்கா, அறுபத்துமூன்று. காரை ஓரமாக நிறுத்திவிட்டு உங்களுக்குத் தந்தி அடிக்கவேண்டும் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை மேலிடத்தில் கூட்டம். பெரியவர் ஒருவர் கேட்டார்: "நிற்கிற இடத்திலிருந்து அறுபது கட்டை வேகத்துக்கு வர எத்தனை செக்கன்?" பதினெட்டு என்றேன். மேசையைச் சுற்றிச் சிரிப்பு. அவ்வளவுதான். அந்த எஞ்சினை ஊதிப் பெரிதாக்கி, இன்னும் பாரமான ஒரு காரில் பூட்டினார்கள். பத்துச் செக்கனில் ஓடியது, முப்பத்துநாலு கட்டை தந்தது. "சின்னக் காரை வாங்குவோர் விரும்பவில்லை" என்று ஒரு கடதாசி எழுதினார்கள். வாங்குவோரை ஒருவரும் கேட்கவில்லை. கீழே கையெழுத்து வைத்த ஐந்து பேரில் ஒருவன் நான். அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு வந்தது.

இன்னொன்று. புதுக்காருக்கு அச்சடிக்கிற புத்தகத்தில் ஒரு எண் போடுவார்கள். அந்த எண்ணை எடுப்பது என் பகுதி. பூட்டிய அறைக்குள், உருளைக்கு மேலே கார்ச் சில்லைச் சுழலவிட்டு எடுப்போம். காற்றில்லை, மேடில்லை, பிள்ளைகள் பின்னாலே இல்லை. நாற்பத்தொன்று என்று வரும். தெருவில் அது முப்பத்தொன்று. சட்டத்தில் பிழையில்லை. ஆனால் போடும்போது எனக்குத் தெரியும்.

அன்றைக்கு முற்றத்தில் நான் கோபித்துக்கொண்டு போனேன் என்று நினைத்தீர்கள். கோபமில்லை. எத்தினை கட்டை ஓடும் என்று என் கந்தோரில் ஒருவரும் கேட்காத கேள்வியை, அகப்பையும் கையுமாக நின்று நீங்கள் கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தபோது எனக்கு முகம் காட்ட ஏலவில்லை. ஒன்பது வருஷம் எழுதாததும் அதனால்தான். அத்தான் "அறுபது வந்திட்டுதோ?" என்று கேட்டு எழுதிவிடுவாரோ என்ற பயம்.

எண்ணெய் இல்லாமல் போகவில்லை அக்கா. இருந்ததை நாங்கள் வேறொன்றுக்கு வைத்துக்கொண்டோம்.

செல்வரட்ணம்

*

மீசாலை
17.02.1994

தம்பி,

உன் கடிதம் தைப்பொங்கலன்று வந்தது. ஒரு மாதம் தலையணைக்குக் கீழே கிடந்தது. கடைசி வரியை நான் வாசிக்கவில்லை, அது என்னை வாசித்தது மாதிரி இருந்தது.

பெற்றோல் இருந்தது. முக்கால் போத்தல். சாமியறையில், அத்தானின் படத்துக்குப் பின்னாலே, சீலைத்துண்டு அடைத்து வைத்திருந்தேன். திவசத்துக்கென்று. மண்ணெண்ணெயும் இரண்டு கான் நிறைய இருந்தது. வின்சன்ற் கார்க்கண்ணாடி துடைத்துக்கொண்டு நின்றான்.

சின்னத்தங்கம் வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து வந்தாள். தலை விரிந்து கிடந்தது. ஒரு காலில் செருப்பில்லை. "நல்லம்மாக்கா, பூரணத்துக்குப் பிள்ளை குறுக்கை கிடக்காம். காரை ஒருக்கால் விடுங்கோ அக்கா." பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து "அக்கா" வந்தது. எனக்கு அந்த நேரம் பிள்ளையார் கோயிலடிதான் கண்ணுக்குள் வந்தது. பச்சைச் சேலை. பொத்திய வாய்.

"பெற்றோல் இல்லை" என்றேன்.

தம்பி, நான் கொடுக்கமாட்டேன் என்று நினைத்துச் சொல்லவில்லை. இன்னொருதரம் கேட்பாள், காலில் விழாத குறையாகக் கேட்பாள், அப்போது கொடுப்போம் என்று நின்றேன். அவள் இன்னொருதரம் கேட்கவில்லை. நம்பிவிட்டாள். "ஐயோ, இந்த நேரத்திலை ஆரிட்டைத்தான் பெற்றோல் இருக்கு" என்று எனக்கே ஆறுதல் சொல்லுகிறவள் மாதிரிச் சொல்லிவிட்டு ஓடினாள். கூப்பிடுவோம் என்று வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் பொய் என்று தெரிந்துபோகும். வாயை மூடினேன்.

வின்சன்ற் துடைத்த துணியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தான். "அம்மா..." என்றான். "உன்ரை வேலையைப் பார்" என்றேன். வண்டி கட்டுகிற சத்தம் கேட்டது. பூரணம் கத்தின சத்தம் றோட்டு முடக்கு மட்டுக்கும் கேட்டது. திவசத்துக்கு வல்வெட்டித்துறை மட்டுக்கும் கார் ஓட்டினான். அடுத்த கிழமை யோசப்பினையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சாவகச்சேரிக்குப் போய்விட்டான். இப்போது ஒரு சைக்கிள் கடையில் நிற்கிறான். ஊரில் அவன் ஒருவனிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லது என்று சில நேரம் நினைக்கிறேன்.

பெற்றோல் காணாது என்று பொய் சொல்லி உன்மேல் பழி போட்டு எழுதினேன். அறுபது கட்டை, முப்பது கட்டை என்றெல்லாம் எழுதியது அதற்குத்தான். முருங்கைக்காய் இன்னும் வருகிறது. எனக்குச் சோறு இறங்குகிறதில்லை. அவளிடம் போய்ச் சொல்லவேண்டுமோ? சொன்னால் அந்தப் பிள்ளை வரப்போகிறதோ? சொல்லாமல் நான் செத்தால் அவள்தான் ஓடிவந்து எனக்கு ஒப்பாரி வைப்பாள். அதை நினைக்கத்தான் ஏலாமல் இருக்கிறது.

அக்கா

*

கொவென்றி
24.04.1994

அன்புள்ள அக்கா,

சொல்லுங்கள் என்றோ விடுங்கள் என்றோ சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

என் கதையை மட்டும் எழுதுகிறேன். போன மாதம் எனக்கு ஓய்வு. கொம்பனியில் தேநீர் விருந்து வைத்தார்கள். கதைக்கச் சொன்னார்கள். அந்த அறுபத்துமூன்றையும் நான் கையெழுத்து வைத்ததையும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துக் கை தட்டினார்கள். ஒரு மணிக்கூடு தந்தார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிந்திச் சொன்னால் இப்படியும் நடக்கும் என்பதற்காக எழுதுகிறேன். சொல்லவேண்டாம் என்பதற்காக இல்லை.

செல்வரட்ணம்

*

மீசாலை
11.08.1994

தம்பி,

சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போனேன். வேலிப் பொட்டால் போகவில்லை. றோட்டால் சுற்றி, படலையைத் திறந்து போனேன். சின்னத்தங்கம் முற்றத்தில் வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தாள். பூரணம் திண்ணைக் குந்தில் இருந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "வாங்கோ அக்கா, வாங்கோ, இதென்ன அதிசயம்" என்று கதிரை எடுக்க ஓடினாள். இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். இருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

"சின்னத்தங்கம், அண்டைக்குப் பெற்றோல் இருந்தது. முக்கால் போத்தல். நான் ஒளிச்சு வைச்சிட்டு இல்லையெண்டு சொன்னனான்."

அவள் வெங்காயத்தைக் கீழே வைக்கவில்லை. "ஏன்?" என்றாள்.

"என்ரை மகளின்ரை கலியாணத்திலை நீ சிரிச்சாய். கார் நிண்ட நேரம்."

அவள் யோசித்தாள். நடிக்கவில்லை தம்பி, உண்மையாகவே யோசித்தாள். பிறகு கேட்டாள்: "எப்ப சிரிச்சனான்?"

திகதி சொன்னேன். கிழமை சொன்னேன். சேலை நிறம் சொன்னேன். அவள் சொன்ன சொல்லை அப்படியே சொன்னேன். அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. "என்னட்டைப் பச்சைச் சீலை இருந்ததோ?" என்று பூரணத்தைக் கேட்டாள். இருபது வருஷம் நான் காவிக்கொண்டு திரிந்தது அவளிடம் ஒரு நாளும் இருந்ததில்லை.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு நான் சொன்னது விளங்கத் தொடங்கியது. வெங்காயப் பிடியை நிலத்தில் வைத்தாள். "என்ரை பேத்தி..." என்றாள். அழுதாள். என்னை ஏசுவாள், மண்ணள்ளி எறிவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அழுது முடிய மூக்கைத் துடைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "உந்தப் பெற்றோலை என்னத்துக்கு வைச்சிருந்தனீங்கள்?"

"அவரின்ரை ஆட்டைத் திவசத்துக்கு. வல்வெட்டித்துறைக்குப் போக."

"மண்ணெண்ணெயோடை பெற்றோல் கலந்துதானே கார் ஓடுறது. முக்கால் போத்தல் ஒரு போக்குக்குத்தானே காணும்" என்றாள், தனக்குத்தானே சொல்லுகிற மாதிரி. "ஒண்டில் உங்கடை மனிசன். இல்லாட்டி என்ரை பிள்ளை." வெங்காயப் பிடியைத் திரும்ப எடுத்தாள். "நானெண்டாலும் என்ரை மனிசனைத்தான் பாத்திருப்பனோ தெரியாது. ஆனா இனி இஞ்சை வராதேங்கோ அக்கா."

அவள் பிழையாக விளங்கிவிட்டாள் என்று எனக்குத் தெரியும். திருத்தவேண்டும் என்று வாய் வந்தது. திருத்தவில்லை. ஓம் என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினேன்.

படலையடியில் பூரணம் பின்னாலே வந்தாள். சுளகு கையில் இருந்தது. இரண்டு வருஷத்தில் அந்தப் பெட்டைக்கு முப்பது வயதுக்கு நாற்பது வயது மாதிரி ஆகிவிட்டது. "மாமி, நில்லுங்கோ" என்றாள். "வின்சன்ற் அண்ணை காரை ஸ்ராட் பண்ணுறதை நான் வேலிக்குள்ளாலை கண்டிருக்கிறன். பிறகு மண்ணெண்ணெய்தானே. கலக்கிறேல்லை. ஸ்ராட் எடுக்க எவ்வளவு பெற்றோல் வேணும்?"

"ஒரு மருந்துக் குப்பி."

"போக ஒண்டு, வர ஒண்டு."

"ஓம்."

"முக்கால் போத்தலிலை ரண்டு குப்பி போனால் திவசத்துக்கும் மிச்சம் இருந்திருக்கும்."

"ஓம் பிள்ளை. நாலைஞ்சு தரத்துக்கு இருந்திருக்கும்."

அவள் சுளகில் கிடந்த அரிசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள். நான் அவள் காலடியில் இருக்கப் போனேன். "எழும்புங்கோ, அம்மா பாக்கப்போறா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை, அவசரம்தான் இருந்தது.

"மாமி, உந்தக் கணக்கை அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. அவ நினைச்ச மாதிரியே நினைக்கட்டும். ரண்டிலை ஒண்டு எண்டதை அவ எப்பிடியும் தாங்குவா. ரண்டு குப்பியெண்டதைத் தாங்கமாட்டா."

"நீ எப்பிடித் தாங்குவாய் பிள்ளை?" என்று கேட்டேன்.

அவள் படலையைச் சாத்திக் கொழுவியைப் போட்டாள். போகும்போது, கிணற்றடியில் கால் கழுவுகிறவள் மாதிரி, முகத்தைக் கழுவிவிட்டுத்தான் தாயிடம் போனாள்.

தம்பி, முழுவதையும் சொல்லி இறக்கிவைக்கத்தான் போனேன். பாதியைத் திரும்பவும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இந்தமுறை என் கோபத்துக்காக இல்லை, அந்தப் பெட்டை கேட்டுக்கொண்டதற்காக. நானும் அவளும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதைச் சொல்லாமல் இருக்கவேண்டும். உனக்கும் தெரியும், நீ தூரத்தில் இருக்கிறாய். சின்னத்தங்கத்துக்கு என்றைக்காவது நீ எழுத நேர்ந்தால் எண் ஒன்றும் எழுதாதே.

அக்கா
நல்லம்மா